இன்று வளாகத்தில் என்ன நடக்கிறது? மாணவருக்கு ஒரு நிகழ்வுப் பட்டியல் எப்படி இருக்க வேண்டும்

பல்கலைக்கழகத்தில் ஒரு நிகழ்வு நடந்தது என்பதை எங்கள் மாணவர்களில் பலர் அறிந்துகொள்வது அது முடிந்த மறுநாள்தான். முகநூலில் படங்கள் வரும். மங்கள விளக்கு, பொன்னாடை, மேடையில் பேச்சாளர், பாதி நிரம்பிய மண்டபம். பேச்சாளர் கொழும்பிலிருந்தோ கனடாவிலிருந்தோ வந்து திரும்பிப் போயிருப்பார். அந்தப் பேச்சைக் கேட்க வேண்டிய மாணவி அதே நேரத்தில் 500 மீற்றர் தள்ளி விடுதி அறையில் இருந்திருப்பாள்.

இதைச் சிறிய குறையாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் தவறிப்போவது பேச்சு மட்டுமல்ல. வெளிநாட்டுப் புலமைப்பரிசில் பற்றிய விளக்கக் கூட்டம், தொழில் வழிகாட்டல் பட்டறை, இலவச சட்ட ஆலோசனை, உளவளத்துணை அமர்வு, காணாமலாக்கப்பட்டோரின் குடும்பங்களுக்கான சந்திப்பு, ஆவணப்படத் திரையிடல் எல்லாம் இதே வழியில்தான் அறிவிக்கப்படுகின்றன, இதே வழியில்தான் தவறவிடப்படுகின்றன. நகரப் பாடசாலையில் படித்து, அண்ணனோ அக்காவோ முன்பே பல்கலைக்கழகம் போன வீட்டிலிருந்து வருபவருக்கு யாராவது சொல்லிவிடுவார்கள். முல்லைத்தீவிலிருந்தோ வாகரையிலிருந்தோ குடும்பத்தின் முதல் பட்டதாரியாக வருபவருக்குச் சொல்ல ஆளில்லை. தகவல் எல்லோருக்கும் பொதுவாகப் போகாதபோது, ஏற்கெனவே ஆட்பலம் உள்ளவருக்கே அது போய்ச் சேருகிறது.

ஊடகக் கற்கைகள் படித்தவர் என்ற வகையில் இந்தக் கேள்வி என்னை நீண்ட நாளாகத் தொந்தரவு செய்கிறது. போனும் இணையமும் எல்லோர் கையிலும் இருக்கும் காலத்தில் ஒரு வளாகத்துக்குள் செய்தி ஏன் போய்ச் சேருவதில்லை? சரியாகப் போய்ச் சேர ஒரு வழியை வடிவமைப்பதானால் அது எப்படி இருக்க வேண்டும்? எங்கள் ஊரில் வடிவமைக்கும்போது, வேறு நாடுகளில் யாரும் யோசிக்கத் தேவையில்லாத எதை நாங்கள் யோசிக்க வேண்டும்? இந்தக் கட்டுரை அவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கிறது.

ஒரு வளாகம், பல ஊர்கள்

முதலில் இடத்தைப் பார்ப்போம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1974 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகமாகத் தொடங்கி, 1979 இல் தனிப் பல்கலைக்கழகமானது. பெயரில் அது ஒன்று. நிலத்தில் அது பல. பிரதான வளாகம் திருநெல்வேலியில். நுண்கலை மருதனார்மடத்தில். சித்த மருத்துவம் கைதடியில். விவசாய பீடமும் பொறியியல் பீடமும் கிளிநொச்சி அறிவியல் நகரில், ஏ9 வீதியில் 60 கிலோமீற்றருக்கும் அப்பால். 2021 வரை வவுனியா வளாகமும் இதன் பகுதியாகவே இருந்து, அந்த ஆண்டு ஆகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமாகியது.

கிழக்கிலும் இதே நிலைதான். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரதான வளாகம் வந்தாறுமூலையில். சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் கல்லடியில். திருகோணமலையில் இன்னொரு வளாகம்.

ஆகவே "வளாகத்தில் ஒட்டியிருக்கிறோம்" என்று ஏற்பாட்டாளர் சொல்லும்போது எந்த வளாகத்தில், எந்தப் பீடத்தின் எந்தச் சுவரில் என்று கேட்க வேண்டியிருக்கிறது. கைலாசபதி கலையரங்கின் வாசலில் ஒட்டிய அறிவித்தல் அறிவியல் நகரில் இருப்பவருக்கு ஒட்டப்படவே இல்லை.

செய்தி இப்போது எப்படிப் போகிறது

நான் பார்த்த அளவில் நான்கு வழிகள் இருக்கின்றன. நான்கும் வெவ்வேறு விதமாகப் பிழைக்கின்றன.

முதலாவது அறிவித்தல் பலகை. அதன் பலம், யாருக்கும் டேட்டா தேவையில்லை என்பது. பலவீனம், அந்த வழியால் நடப்பவருக்கு மட்டுமே அது தெரியும். பரீட்சை நேரசூசி, விரிவுரை இரத்து, விடுதிக் கட்டணம் எல்லாம் ஒரே பலகையில் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டப்படும். காலாவதியானதை யாரும் கழற்றுவதில்லை. பழைய தாள்கள் நிறைந்த பலகையை மாணவர் சில வாரங்களில் பார்ப்பதையே விட்டுவிடுவார்.

இரண்டாவது வட்ஸ்அப். ஒவ்வொரு பட்சுக்கும், ஒவ்வொரு பாடத்துக்கும், விடுதிக்கும், சங்கத்துக்கும் ஒரு குழு. ஒரு குழுவில் அதிகபட்சம் 1,024 பேரைத்தான் சேர்க்கலாம். ஆகவே ஒரு பல்கலைக்கழகம் முழுவதற்கும் ஒரே குழு என்பது சாத்தியமில்லை. செய்தி குழுவிலிருந்து குழுவுக்கு ஆட்களின் தயவில்தான் தாவ வேண்டும். தாவிய பிறகும் அது குப்பி வகுப்பு எப்போது, நோட்ஸ் யாரிடம் என்ற நூறு செய்திகளுக்கடியில் புதைந்துவிடும்.

மூன்றாவது முகநூல். ஒரு பதிவை எப்போது யாருக்குக் காட்டுவது என்பதை முகநூலே தீர்மானிக்கிறது. அதிகம் பேர் விரும்பிய பதிவு மேலே வரும். நிகழ்வுக்கு முந்தைய அறிவித்தலை விட, நிகழ்வுக்குப் பிந்தைய படங்களைத்தான் ஆட்கள் அதிகம் விரும்புவார்கள். அதனால்தான் முடிந்த நிகழ்வு முதலில் கண்ணில் படுகிறது.

நான்காவது வாய்வழி. சீனியர் சொல்வது, விரிவுரையாளர் வகுப்பு முடிவில் சொல்வது. இன்றும் அதிகம் வேலைசெய்வது இதுதான். ஆனால் சொல்பவர் யாருக்குச் சொல்கிறார் என்பதில் ஊர், பாடசாலை, பீடம், பால், மொழி எல்லாம் கலந்திருக்கின்றன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவசரமான செய்தி எங்கள் வளாகங்களில் மின்னல் வேகத்தில் பரவும். 2021 ஜனவரி 8 ஆம் திகதி இரவு யாழ். பல்கலைக்கழகத்தின் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டபோது, அந்த இரவே மாணவர்களும் பொதுமக்களும் வாசலில் திரண்டார்கள். அதற்கு எந்தச் செயலியும் தேவைப்படவில்லை. ஆகவே தொடர்புகள் இல்லை என்பது சரியல்ல. ஒரு பெரிய செய்தியை எல்லோரும் எல்லோருக்கும் சொல்வார்கள். சாதாரணச் செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு நடக்கும் ஒரு பட்டறையை யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். நாங்கள் வடிவமைக்க வேண்டியது அந்தச் சாதாரணச் செவ்வாய்க்கிழமைக்கு.

போஸ்டர் என்ற பிரச்சினை

இன்று வளாக நிகழ்வின் அடிப்படை வடிவம் ஒரு படம். அழகாக வடிவமைத்த போஸ்டர். அதில் விருந்தினர்களின் முகங்கள், பட்டங்கள், அனுசரணையாளர் சின்னங்கள். திகதி ஒரு மூலையில். என் போனில் சேர்ந்திருக்கும் இப்படியான போஸ்டர்களைத் திறந்து பார்த்தேன். பலவற்றில் ஆண்டு இல்லை. சிலவற்றில் முடியும் நேரம் இல்லை. யார் வரலாம் என்பது அநேகமாக எதிலும் இல்லை.

படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேட முடியாது. "அடுத்த வாரம் புலமைப்பரிசில் பற்றி ஏதாவது இருக்கிறதா" என்று வட்ஸ்அப்பில் தேடினால் போஸ்டர் அகப்படாது. பார்வைக் குறைபாடுள்ள மாணவரின் போன் அதை வாசித்துக் காட்டாது. போரில் பார்வை இழந்தவர்கள் படிக்கும் வளாகங்களில் இது சின்ன விடயமல்ல.

இதற்குப் பின்னால் ஒரு பழைய பழக்கமும் இருக்கிறது. எங்கள் அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் பல ஆண்டுகளாகப் பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சு செய்தோம். பாமினியில் கணினிக்குள் இருப்பது தமிழ் எழுத்து அல்ல, ஆங்கில எழுத்து. திரையில் நாங்கள் "அ" என்று பார்ப்பது உள்ளே ஆங்கில "எம்" என்றே பதிவாகியிருக்கும். அதை நகலெடுத்து வட்ஸ்அப்பில் ஒட்டினால் வாசிக்க முடியாத ஆங்கில எழுத்துகளாகக் கொட்டும். அதைத் தவிர்ப்பதற்கு எளிய வழி, கடிதத்தைப் படமாக எடுத்து அனுப்புவது. யுனிகோட் பரவலான பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. இன்றும் அலுவலகக் கடிதங்கள் படமாகவே குழுக்களுக்கு வருகின்றன.

டேட்டாக் கணக்கும் ஒன்றுண்டு. யுனிகோட் தமிழில் ஒரு குறிக்கு 3 பைட் தேவை. உயிர்மெய் எழுத்து ஒன்று பெரும்பாலும் 6 பைட். ஒரு நிகழ்வை நான்கு வரியில் எழுதினால் ஒரு கிலோபைட்டைச் சற்று ஒட்டி வரும். ஒரு போஸ்டர் படம் சில நூறு கிலோபைட் எடுக்கும். ஒரு போஸ்டரின் டேட்டாவில் பல வாரங்களின் நிகழ்வுகளை எழுத்தாக அனுப்பிவிடலாம். மாதக் கடைசியில் றீலோட் போடக் காசில்லாத மாணவருக்கு, வட்ஸ்அப்பில் படம் தானாக இறங்குவதை நிறுத்தி வைத்திருப்பவருக்கு, இந்த வித்தியாசம் புரியும்.

போஸ்டர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது அழைப்பிதழ் போன்றது. ஆனால் அழைப்பிதழ் வேறு, நாட்காட்டி வேறு. எங்களிடம் அழைப்பிதழ்கள் நிறைய இருக்கின்றன. நாட்காட்டிதான் இல்லை.

செயலி செய்வதால் தீராது

இந்தப் பிரச்சினையைச் சொன்னவுடன் கணினி படிக்கும் மாணவர்கள் "ஓர் அப் செய்வோம்" என்பார்கள். இறுதி ஆண்டுச் செயற்திட்டத்துக்கு நல்ல தலைப்புத்தான். ஆனால் செயலிக்கு மூன்று தடைகள் இருக்கின்றன.

முதலாவது, அதைத் தரவிறக்க வேண்டும். இடம் நிறைந்த பழைய அன்ரோயிட் போனில், வாரத்துக்கு ஒருமுறை பார்க்கும் ஒன்றுக்காக யாரும் படங்களை அழித்து இடம் ஒதுக்கமாட்டார்கள். இரண்டாவது, செய்தவர் பட்டம் பெற்று வெளியேறியதும் செயலியும் இறந்துவிடும். சேவர் கட்டணத்தை யார் கட்டுவது, கடவுச்சொல் யாரிடம் என்று தெரியாமல் போகும். மூன்றாவதுதான் முக்கியமானது. செயலி வெறும் பாத்திரம். அதற்குள் நிகழ்வுகளை யார் கொண்டுவந்து போடுவது? முதல் வாரம் திறந்து பார்ப்பவருக்கு இரண்டு நிகழ்வு மட்டுமே தெரிந்தால் அவர் திரும்ப வரமாட்டார். பார்ப்பவர் இல்லாவிட்டால் சங்கங்கள் அதில் போடமாட்டா.

இந்த வட்டத்தை உடைக்க, மாணவர் ஏற்கெனவே இருக்கும் இடத்துக்கே பட்டியல் போக வேண்டும். புதிதாகச் செய்ய வேண்டியது திரட்டும் வேலை மட்டும்.

ஒரு நிகழ்வுக்கு என்ன தகவல் வேண்டும்

வடிவமைப்பு தொடங்க வேண்டிய இடம் திரையல்ல, கேள்விகள். ஒரு மாணவி ஒரு நிகழ்வுக்குப் போவதா இல்லையா என்று முடிவெடுக்க அவளுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்?

என்ன நிகழ்வு என்பது ஒரே வரியில். "இளையோர் வலுவூட்டலின் ஊடாக நிலைபேறான அபிவிருத்தி" என்று எழுதினால் யாருக்கும் விளங்காது. "வேலைக்கு விண்ணப்பம் எழுதும் பயிற்சி" என்றால் விளங்கும்.

கிழமை, திகதி, ஆண்டு, தொடங்கும் நேரம். அதைவிட முக்கியம் முடியும் நேரம். விடுதி வாசல் மூடும் நேரமும் கடைசி பஸ்ஸும் தெரிந்த பெண் மாணவர் ஒருவருக்கு, முடியும் நேரம் போடாத நிகழ்வு என்பது போக முடியாத நிகழ்வு. கோப்பாயிலிருந்தோ சாவகச்சேரியிலிருந்தோ நாளாந்தம் வந்து போகிறவருக்கும் அப்படித்தான்.

எந்த இடம். பீடத்தின் பெயர், கட்டடம், மாடி. மண்டபத்தின் செல்லப்பெயர் முதலாம் ஆண்டு மாணவருக்குத் தெரியாது. சக்கர நாற்காலியோ செயற்கைக் காலோ உள்ளவர் ஏறக்கூடிய இடமா என்பதும் இதே வரியில் வரவேண்டும். போர் முடிந்து எத்தனை ஆண்டானாலும் எங்கள் வளாகங்களில் இந்த வரி கட்டாயம்.

யார் வரலாம். என் பார்வையில் அதிகம் விடுபடுவதும் அதிகம் தேவைப்படுவதும் இதுதான். மருத்துவ பீடத்தில் நடக்கும் கருத்தரங்குக்குக் கலைப்பீட மாணவர் போகலாமா? இறுதி ஆண்டுக்கு மட்டுமா? வெளியாட்கள் வரலாமா? எழுதப்படாத இடத்தில் தயக்கமுள்ளவர் தனக்கில்லை என்றே எடுத்துக்கொள்வார். "எல்லாப் பீட மாணவரும் வரலாம், பதிவு தேவையில்லை" என்ற ஒரு வரி பல பேரை உள்ளே கொண்டுவரும்.

எந்த மொழி. எங்கள் பல்கலைக்கழகங்களில் சிங்கள, முஸ்லிம் மாணவர்களும் படிக்கிறார்கள். ஆங்கிலத்தில் மட்டும் நடக்கும் பேச்சுக்குத் தமிழ்மொழி மூலம் படிப்பவர் வந்து திணறுவதும், தமிழில் நடப்பதற்குச் சிங்கள மாணவர் வந்து விளங்காமல் இருப்பதும் முன்கூட்டியே தவிர்க்கக்கூடியவை. 2016 ஜூலையில் யாழ். விஞ்ஞான பீட வரவேற்பு நிகழ்வில் கண்டிய நடனம் தொடர்பாக எழுந்த முரண்பாடு மாணவர் மோதலில் முடிந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஒரு நிகழ்வுப் பட்டியல் அப்படியான முரண்பாட்டைத் தீர்த்துவிடாது. ஆனால் மற்றவர் என்ன செய்கிறார்கள், அதற்கு எனக்கும் அழைப்புண்டா என்பதை ஒருவர் வதந்தியாக அன்றித் தகவலாக அறிய முடியும்.

கட்டணம் உண்டா, சாப்பாடு உண்டா, விபரம் யாரிடம் கேட்பது. இந்தக் கடைசிக் கேள்விக்கு மாணவி ஒருவரின் தனிப்பட்ட போன் இலக்கத்தைப் போடக்கூடாது. போஸ்டரில் போட்ட இலக்கத்துக்கு இரவில் யார் யாரோ அழைக்கும் தொல்லை பல பெண்களுக்குத் தெரியும். சங்கத்தின் பொது மின்னஞ்சல் அல்லது சங்கத்துக்கென ஓர் இலக்கம் போதும்.

ஒரு படிவம், ஒரு பட்டியல், பல வாசல்கள்

இந்தக் கேள்விகளை ஓர் எளிய கூகுள் படிவமாக்கினால் முதல் படி முடிந்தது. சங்கம், பீடம், நூலகம், தொழில் வழிகாட்டல் பிரிவு என நிகழ்வு வைக்கும் எவரும் அதை நிரப்பலாம். நிரப்பியவை ஒரே அட்டவணையில் விழும். அந்த அட்டவணையிலிருந்து நான்கு வாசல்கள் திறக்கலாம்.

ஒன்று, ஞாயிறு மாலை வட்ஸ்அப்பில் ஒரே ஒரு செய்தி. அந்த வாரத்தின் நிகழ்வுகள், கிழமை வாரியாக, எழுத்தில். ஒவ்வொரு நிகழ்வுக்கும் தனித்தனியே செய்தி அனுப்பினால் ஆட்கள் குழுவை மௌனமாக்கிவிடுவார்கள். வாரம் ஒருமுறை, அதே நாள், அதே நேரம் என்றால் எதிர்பார்க்கத் தொடங்குவார்கள். வட்ஸ்அப் சனல் என்ற வசதியில் 1,024 பேர் என்ற எல்லை இல்லை. பின்தொடர்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவும் முடியாது.

இரண்டு, அதே பட்டியல் ஏ4 தாளில். ஒவ்வொரு பீடத்திலும் ஒரே இடத்தில், திங்கள் காலை பழையதைக் கழற்றிவிட்டுப் புதியது. கன்ரீன் வாசல் நல்ல இடம்.

மூன்று, படங்கள் இல்லாத ஒரு சிறிய இணையப் பக்கம். திகதி ஒழுங்கில் நிகழ்வுகள். முடிந்தவை தானாகக் கீழே போக வேண்டும்.

நான்கு, போன் நாட்காட்டி. ஐகலண்டர் என்ற பொது வடிவம் 1998 முதல் இருக்கிறது. கூகுள், அப்பிள், மைக்ரோசொப்ட் எல்லாம் அதை ஏற்கும். ஒருமுறை இணைத்துவிட்டால் புதிய நிகழ்வுகளும் நேர மாற்றங்களும் தாமாகவே போன் நாட்காட்டிக்கு வரும். கூகுள் நாட்காட்டியில் இதை இலவசமாகச் செய்யலாம்.

எஸ்எம்எஸ் ஏன் இல்லை என்று கேட்கலாம். ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தி 160 எழுத்துப் பிடிக்கும். யுனிகோட் தமிழில் 70 குறிகள்தான், அதிலும் உயிர்மெய்களில் பல இரண்டு குறிகள். எட்டு அல்லது பத்துச் சொல்லுக்கு ஒரு செய்தியின் காசு. ஒரு நிகழ்வு திடீரென இரத்தானால் மட்டும், பதிவுசெய்தவர்களுக்கு அனுப்ப அதைப் பயன்படுத்தலாம்.

இரத்தாவதும் தள்ளிப்போவதும் எங்கள் வளாகங்களில் அடிக்கடி நடப்பவை. கல்விசாரா ஊழியர் வேலைநிறுத்தம், வகுப்புப் பகிஷ்கரிப்பு, பரீட்சைத் திகதி மாற்றம். இப்போது புதிய போஸ்டர் ஒன்று வெளிவரும், பழையதும் சுற்றிக்கொண்டே இருக்கும். எது சரியென யாருக்கும் தெரியாது. ஒரே பட்டியல் இருந்தால் அதே பதிவைத் திருத்தி, மேலே "நேரம் மாறியது" என்று போட்டால் போதும்.

யார் செய்வது

இது தொழில்நுட்பத்தை விடக் கடினமான பகுதி. பீடத்துக்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் இரண்டாம் ஆண்டு, ஒருவர் மூன்றாம் ஆண்டு. மூத்தவர் இறுதி ஆண்டுக்குப் போகும்போது இளையவர் பொறுப்பெடுத்து இன்னொருவரைச் சேர்க்க வேண்டும். கணக்குகளும் கடவுச்சொற்களும் தனிநபரின் போன் இலக்கத்தில் இருக்கக்கூடாது. வெள்ளி நண்பகல் வரை வந்தவை அந்த வாரப் பட்டியலில், பிந்தியவை அடுத்ததில். யாருக்காகவும் இந்த விதி தளரக்கூடாது, இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போன் அழைப்புகளில் போகும்.

பட்டியல் யாருடையது என்ற கேள்வியும் வரும். நிர்வாகத்தின் கையில் மட்டும் இருந்தால் நினைவேந்தல்களும் எதிர்ப்புக் கூட்டங்களும் விடுபடும். ஒரு மாணவர் அணியின் கையில் மட்டும் இருந்தால் மற்ற அணியினதும் சிறுபான்மை மாணவர்களினதும் நிகழ்வுகள் விடுபடும். பல சங்கங்கள் சேர்ந்த சிறிய குழு நடத்துவது நல்லது. எவை சேர்க்கப்படும், எவை சேர்க்கப்படமாட்டா என்ற விதியை ஆரம்பத்திலேயே எழுதி எல்லோருக்கும் தெரியும்படி வைக்க வேண்டும். ஒருவரின் நிகழ்வை மறுத்தால் அந்த விதியைக் காட்ட முடிய வேண்டும்.

சேர்க்கக்கூடாத தகவல்

வேறு நாடுகளில் இப்படியான பட்டியலை வடிவமைப்பவர்கள் அடுத்ததாக "யார் வருகிறார்கள்" என்று கேட்பார்கள். வருகிறேன் என்று அழுத்தும் பொத்தான், நண்பர்களில் யார் போகிறார்கள் என்று காட்டும் வசதி, விருப்பங்களைப் பார்த்துப் பரிந்துரைக்கும் முறை. எங்கள் வளாகத்தில் இவை எதுவும் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

காரணம் எங்கள் வரலாற்றில் இருக்கிறது. 2012 நவம்பர் 27 ஆம் திகதி மாவீரர் நாளில் விளக்கேற்றியதைத் தொடர்ந்து யாழ். பல்கலைக்கழக விடுதிகளுக்குள் படையினர் நுழைந்தார்கள். மறுநாள் மாணவரின் எதிர்ப்பு ஊர்வலம் தாக்கப்பட்டது. அதன்பின் நான்கு மாணவர்கள் கைதாகி, வெலிக்கந்தைக்குப் புனர்வாழ்வு என்ற பெயரில் அனுப்பப்பட்டார்கள். 2019 மே 3 ஆம் திகதி வளாகத்தில் நடந்த தேடுதலின் பின் மாணவர் ஒன்றியத்தின் தலைவரும் செயலாளரும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார்கள். கிழக்கில், 1990 செப்டெம்பர் 5 ஆம் திகதி வந்தாறுமூலை வளாக அகதி முகாமிலிருந்து 158 பேர் கொண்டுசெல்லப்பட்டதை நினைவுகூர இன்றும் ஆண்டுதோறும் மக்கள் கூடுகிறார்கள். இப்படியான கூடல்களில் படம் எடுப்பவர்களும் பெயர் கேட்பவர்களும் யாரென்று அங்கு போனவர்களுக்குத் தெரியும்.

நிகழ்வு பற்றிய தகவலும் ஆட்கள் பற்றிய தகவலும் வேறு வேறு. முதலாவது எவ்வளவு பரவுகிறதோ அவ்வளவு நல்லது. இரண்டாவது சேராமல் இருப்பதே பாதுகாப்பு. இல்லாத பட்டியலை யாரும் பறிமுதல் செய்ய முடியாது. ஆகவே பட்டியலைப் பார்க்க உள்நுழைவு வேண்டாம். மாணவர் பதிவிலக்கம் கேட்க வேண்டாம். இடமோ சாப்பாடோ மட்டுப்பட்ட நிகழ்வுக்கு மட்டும் பெயர் கேட்கலாம், அதையும் நிகழ்வு முடிந்த வாரத்திலேயே அழிக்க வேண்டும். 2022 இல் நிறைவேற்றப்பட்ட தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும், தேவைக்கு மேல் தரவு சேர்க்கக்கூடாது, தேவை முடிந்தபின் வைத்திருக்கக்கூடாது என்ற கோட்பாட்டையே கொண்டிருக்கிறது.

நினைவேந்தல் போன்றவற்றைப் பட்டியலில் போடுவதா, தாளில் மட்டும் போடுவதா, வாய்வழியே விடுவதா என்பதை நடத்துபவர்களே தீர்மானிக்க வேண்டும். படிவத்தில் அதற்கு ஒரு கேள்வி இருக்க வேண்டும்: இது எங்கே வெளியாகலாம்? பட்டியல் நடத்துபவர் தன் விருப்பத்துக்கு அதை மாற்றக்கூடாது. இணையத்தில் வெளியாவது எதற்கும் 2024 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம் என்ற நிழலும் இருக்கிறது என்பதை இளம் தொண்டர்களுக்கு முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

வேலைசெய்கிறதா என்று எப்படி அறிவது

பெயர் சேர்க்காமல் அளக்க முடியுமா? முடியும். மண்டப வாசலில் ஓர் அட்டையும் ஒரு பேனாவும் போதும். வருபவரிடம் இரண்டு கேள்வி: எப்படி அறிந்தீர்கள், எந்தப் பீடம். பெயர் இல்லாமல் கோடு மட்டும் போட வேண்டும். விருப்பக்குறிகளின் எண்ணிக்கை இதற்கு உதவாது. வேறு பீடங்களிலிருந்து வந்தவர்களின் கோடுகள் மாதம் மாதம் கூடுகின்றனவா என்று பார்த்தால் போதும். கூடவில்லை என்றால் பட்டியல் ஏற்கெனவே அறிந்தவர்களுக்குத்தான் மீண்டும் அறிவித்துக்கொண்டிருக்கிறது.

இப்படியான பட்டியலுக்கு இன்னொரு பயனும் உண்டு. 2005 முதல் எங்கள் நூல்களையும் இதழ்களையும் எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனம் போன்றவற்றின் வேலையைப் பார்த்தவர்களுக்கு, ஆண்டு குறிப்பிடாத துண்டுத்தாள் ஒன்றை ஆவணப்படுத்துவது எவ்வளவு சிரமம் என்று தெரியும். எரிந்ததும் இடம்பெயர்ந்ததும் போக எஞ்சியவற்றை வைத்தே எங்கள் வரலாற்றை எழுதுகிறோம். வாரம் ஒரு தாள், சரியான திகதியோடு, பத்து ஆண்டு சேர்ந்தால் போருக்குப் பிந்திய ஒரு தலைமுறை எதைப் பேசியது, எதை நினைவுகூர்ந்தது, எதற்குக் கூடியது என்பதற்குச் சான்றாக இருக்கும். அதில் யார் வந்தார்கள் என்பது இருக்காது. என்ன நடந்தது என்பது இருக்கும்.

தொடங்குவதற்கு நிதியோ அனுமதியோ அதிகம் தேவையில்லை. ஒரு பீடத்தில் நான்கு வாரம் செய்து பார்க்கலாம். முதல் வாரத்தில் யாரும் படிவம் நிரப்பமாட்டார்கள். இரண்டு பேர் அறிவித்தல் பலகைகளைச் சுற்றி நடந்து, குழுக்களில் வந்த போஸ்டர்களைத் திறந்து, விடுபட்ட முடியும் நேரத்தையும் யார் வரலாம் என்பதையும் ஏற்பாட்டாளரிடம் கேட்டு, தாங்களே எழுத வேண்டியிருக்கும். ஏழெட்டு நிகழ்வு சேர்ந்தாலே ஒரு தாள் நிறையும். அதைக் கன்ரீன் வாசலில் ஒட்டிவிட்டு, அடுத்த திங்கட்கிழமையும் மறக்காமல் மாற்ற வேண்டும்.